கல் ஓரிடம், கல்லறை ஓரிடம்

சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தைச் சுற்றி வருபவர்கள் கல்லறைப் பலகைகளின் மேல்தான் நடந்தாக வேண்டும். சுவரை ஒட்டித் தரையில் பாவியிருப்பவை அவைதான். ஆளுயரக் கருங்கற்கள். பலவற்றின் தலைமாட்டில் கேடயமும் தலைக்கவசமும் இலைச்சுருளுமாக ஒரு குலச்சின்னம். அதன் கீழே உளியால் கொத்திய பெரிய எழுத்துகள், பல கற்களில் லத்தீனில். ஓரம் உடைந்த கற்கள் உண்டு, வரி பாதியில் நின்றுபோனவையும் உண்டு. செருப்பும் மழையும் தேய்த்ததில் சில பெயர்களைக் கண்ணால் படிப்பதைவிட விரலால் தடவிப் படிப்பது எளிது. மிதிக்கிறோமே என்று கூசத் தேவையில்லை. பழைய பலகைகளில் எழுதப்பட்டிருப்பவர்கள் அவற்றின் அடியில் இல்லை.

அவர்கள் புதைக்கப்பட்டது வடக்கே, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்தில், இன்று உயர் நீதிமன்றமும் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கும் நிலத்தில். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்களின் இடுகாடு அங்கேதான் இருந்தது. 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை நடந்த பிரெஞ்சு முற்றுகைக்குப் பிறகு அந்த இடுகாட்டை ஆங்கிலேயர்களே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். எழுத்துள்ள பலகைகளை மட்டும் பெயர்த்துக் கோட்டைக்குள் கொண்டுவந்தார்கள். சென்னை வரலாறு படிக்கிறவர்களுக்கு இது ஒரு அடிக்குறிப்புச் செய்தி. என் பார்வையில் அதற்கு அதைவிடக் கனம் உண்டு. பாரிமுனைக்கும் கோட்டைக்கும் நடுவே இன்றும் இருக்கும் நகர அமைப்பு எப்படி வந்தது என்ற கேள்விக்கு, இந்த இடுகாட்டின் கதையைத் தவிர்த்துவிட்டுப் பதில் சொல்ல முடியாது.

இடுகாடு ஆலயத்தைவிட வயதில் மூத்தது. புனித மேரி ஆலயத்துக்கு 1678 மார்ச் 25 அன்று கால்கோள் இட்டவர் ஆளுநர் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர். திருநிலைப்படுத்தியது 1680 அக்டோபர் 28. ஆனால் அங்கே கிடக்கும் கற்களில் மிகப் பழையது 1652-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. புனித ஜார்ஜ் கோட்டையின் முதல் பிரெசிடெண்ட் ஆரன் பேக்கரின் மனைவி எலிசபெத் பேக்கருக்கு வைத்த கல் அது. கணவருடன் சென்னைக்கு வரும் வழியில் கப்பலிலேயே இறந்தவர் அவர். இந்தியாவில் ஆங்கிலேயர் கல்லறைக் கற்களில் இதுவே மிகப் பழையது என்பார்கள். ஆலயம் எழும்புவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இறந்த ஒருவரின் கல் ஆலய முற்றத்தில் கிடக்கிறது என்றால், அது வேறெங்கிருந்தோ வந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்த வேறிடத்துக்குக் கொய்யாத் தோப்பு என்று பெயர். கோட்டைக்கு வடக்கே, மதிலை ஒட்டினாற்போல், அப்போது கறுப்பர் நகரம் இருந்தது. இன்றைய ஜார்ஜ் டவுன் இருக்கும் இடத்தில் அல்ல, அதற்கும் தெற்கே, உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில். வணிகர்களும் துபாஷிகளும் நெசவாளர்களும் அங்கே குடியிருந்தார்கள். சென்னகேசவப் பெருமாள் கோயில் அங்கே இருந்தது. ஊருக்கே அது பட்டணங் கோயில். இந்த நகரத்தின் மேற்கு ஓரத்தில்தான் கொய்யாத் தோப்பும் இடுகாடும்.

கம்பெனிக்காரர்கள் வாழ்ந்தது சின்னஞ்சிறு கோட்டைக்குள். செத்த பிறகு அவர்களுக்குக் கிடைத்த வீடுகள் பெரியவை. கூம்பாக உயர்ந்த நினைவுத் தூண்கள், வளைவு மண்டபங்கள், உள்ளே இறங்கும் நிலவறைகள் என்று செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டினார்கள். வெப்பமும் வயிற்றுக் கடுப்பும் காய்ச்சலும் ஒருவரைச் சில மாதங்களில் கொண்டுபோய்விடும் ஊர் இது என்பது அவர்களுக்குத் தெரியும். பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவோம் என்ற நம்பிக்கை பொய்த்துப்போனவனின் குடும்பம், அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கல்லில் போட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கம்பெனியின் ஆலோசனைச் சபைப் பதிவுகளில் இடுகாட்டைப் பற்றிய புகார் வருகிறது: பிச்சைக்காரர்களும் எருமைகளும் அந்த மண்டபங்களில் அடைகின்றனவாம். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க வசதியான கட்டடங்கள் என்பதை எருமைகள் கண்டுபிடித்து நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்துத்தான் பிரெஞ்சுப் படை கண்டுபிடித்தது.

பலகைக் கற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையைச் சுற்றிக் கிடைக்கும் பல்லாவரத்துக் கருங்கல்லுக்கு அப்போதே வெளியூரில் கிராக்கி இருந்தது. கல்கத்தாவைத் தொடங்கியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை அந்த வகைக் கல்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் அதை ஆராய்ந்து, அந்தக் கல்வகைக்கே ‘சார்னோக்கைட்’ என்று பெயர் வைத்துவிட்டார். பரங்கிமலைப் பக்கத்துக் கல்லுக்குக் கல்கத்தாக்காரர் பெயர். சார்னாக்கின் மூன்று பெண் மக்களுக்கும் 1689-இல் ஞானஸ்நானம் நடந்தது புனித மேரி ஆலயத்தில்தான் என்பதால், பெயரில் சென்னைக்குச் சிறிது பங்கு உண்டு என்று ஆறுதல் கொள்ளலாம்.

இனிப் போருக்கு வருவோம். கோட்டையைக் காப்பதில் பதினெட்டாம் நூற்றாண்டுப் பொறியாளர்களின் முதல் விதி, மதிலுக்கு முன்னால் எதுவும் நிற்கக் கூடாது என்பது. வீடு, மரம், மேடு எதுவானாலும் எதிரிக்கு மறைவிடம். மதில்மேல் இருக்கும் பீரங்கிக்கு முன்னே வெட்டவெளி வேண்டும். சென்னைக் கோட்டையின் வடக்கு மதிலுக்கு முன்னால் ஒரு நகரமே நின்றது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனே சென்னையைப் பிடித்தார். மூன்று ஆண்டு பிரெஞ்சு ஆட்சியில் மதிலுக்கு அருகிலிருந்த கறுப்பர் நகர வீடுகள் இடிபட்டன. 1749-இல் ஊர் திரும்பக் கிடைத்ததும் ஆங்கிலேயர் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். 1757-இல் பட்டணங் கோயில் இடிக்கப்பட்டது. ஊரார் எதிர்ப்பைத் தணிக்க வடக்கே வேறு இடமும் பணமும் கொடுத்தார்கள்; மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று, இன்று பூக்கடைப் பகுதியில் இருக்கும் சென்னகேசவர், சென்னமல்லீசுவரர் இரட்டைக் கோயில்களை எழுப்பினார்.

போர் என்று சொல்லி வழிபாட்டிடத்தை இடிப்பது ஒரு தரப்பின் பழக்கமாக மட்டும் இருக்கவில்லை. புதுச்சேரியில் 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகை நடந்துகொண்டிருந்தபோது, வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். பிரெஞ்சு ஆளுநர் துப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை அதை மனம் வெதும்பித் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அங்கே முற்றுகை ஒரு சாக்கு. கோயிலை அகற்ற வேண்டும் என்ற சேசு சபையாரின் பழைய ஆசைக்குப் போர் கைகொடுத்தது. சென்னையில் நடந்ததற்குப் பின்னால் மதப்பகை இருந்ததாகச் சொல்ல முடியாது. பெருமாள் கோயிலுக்கு என்ன நியாயம் சொன்னார்களோ அதே நியாயத்தைச் சில ஆண்டுகளில் தங்கள் சொந்தப் பிணங்களுக்கும் சொன்னார்கள். கோயிலை இடித்தபோது இடுகாட்டை ஏன் விட்டுவைத்தார்கள் என்பதுதான் இங்கே உறுத்தும் கேள்வி. கோயில் அந்நியருடையது, கல்லறை தகப்பனுடையது என்ற கணக்கைத் தவிர வேறு விடை எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தயக்கத்துக்கு ஓராண்டிலேயே விலை கொடுக்க வேண்டியிருந்தது.

1758 டிசம்பர் நடுவில் பிரெஞ்சுத் தளபதி லாலி கறுப்பர் நகரத்துக்குள் நுழைந்தார். கோட்டைக்குள் ஆளுநர் ஜார்ஜ் பிகட். படைக்குத் தலைவர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ். பொறியாளர் ஜான் கால். ஏறத்தாழ 1,750 ஐரோப்பியரும் 2,200 சிப்பாய்களும். 14-ஆம் தேதி பிரெஞ்சுப் படையினர் நகரத்து வீடுகளில் கொள்ளையடித்த சாராயத்தில் மிதந்துகொண்டிருந்தபோது, கர்னல் டிரேப்பர் வெளியே பாய்ந்து தாக்கினார். தெருச் சண்டையில் பிரெஞ்சு அதிகாரி கோம்த் தெஸ்தேன் பிடிபட்டார். ஆனாலும் நகரம் பிரெஞ்சுக்காரர் கையிலேயே நின்றது. அங்கிருந்து அவர்கள் கோட்டையை நோக்கிப் பீரங்கி மேடைகள் கட்டினார்கள். கடலோரத்தில் முதன்மை மேடை. மேற்கே ஒரு மேடையை அமைத்த இடம், இடுகாடு. முற்றுகையின் விவரணைகளிலும் வரைபடங்களிலும் அது இடுகாட்டு மேடை என்றே குறிக்கப்படுகிறது.

சற்று நின்று யோசித்துப் பாருங்கள். மதிலின் மேல் இருக்கும் பீரங்கிக்காரன் வடமேற்கே குறி வைக்கிறான். எதிரே கூம்புகளும் மண்டபங்களும். அவற்றின் பின்னால் பிரெஞ்சுச் சிப்பாய் துப்பாக்கிக்கு மருந்து கெட்டிக்கிறான். இவன் சுடும் குண்டு முதலில் போய் விழுவது நேற்றுவரை இதே கோட்டையில் கணக்கெழுதிய ஒருவரின் சமாதியில். கம்பெனி ஆலோசனைச் சபையில் இருந்தவரும் பிற்பாடு இந்தப் போர்களின் வரலாற்றை எழுதியவருமான ராபர்ட் ஓர்ம், முற்றுகையின்போது கோட்டையிலிருந்து 26,000-க்கும் மேற்பட்ட பீரங்கிக் குண்டுகள் சுடப்பட்டன என்று கணக்குத் தருகிறார். அவற்றில் எத்தனை சமாதிகளைத் துளைத்திருக்கும் என்பது அந்தக் கணக்கில் சேராது.

லாலியின் திட்டம் குலைந்ததற்குக் கோட்டைச் சுவர் மட்டும் காரணமில்லை. வெளியே நாட்டுப்புறத்தில் குதிரைப்படையும் சிப்பாய்களுமாகச் சுற்றி, பிரெஞ்சுப் படைக்கு வரும் உணவையும் வண்டிகளையும் மறித்தவர் யூசுப் கான், நம் மக்கள் மருதநாயகம் என்று அறிந்தவர். பிறகு 1759 பிப்ரவரி 16 அன்று ஆங்கிலக் கடற்படையின் கெம்பன்ஃபெல்ட் கொண்டுவந்த கப்பல்கள் தலைகாட்டின. மறுநாள் விடியற்காலை பிரெஞ்சுப் படை பீரங்கிகளையும் எழுந்து நடக்க முடியாத காயக்காரர்களையும் விட்டுவிட்டுப் புறப்பட்டது. லாலியை 1766-இல் பாரிஸில் தலைவெட்டிக் கொன்றது அவருடைய சொந்த அரசு. யூசுப் கானை 1764-இல் மதுரையில் தூக்கிலிட்டது அவர் யாருக்காகச் சண்டையிட்டாரோ அந்தத் தரப்பே. சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கமான இடம் தர்காவாகி மக்கள் வந்துபோகும் இடமாக நிலைத்திருக்கிறது. கோட்டைக்காரர்களின் கல்லறைகளுக்குக் கிடைக்காத பேறு.

முற்றுகை நீங்கியதும் இடுகாட்டின் தலைவிதி முடிவானது. உயரமான கட்டடங்கள் மீண்டும் எதிரிக்கு மறைவாகக் கூடாது. 1760 வாக்கில் சமாதிகளை இடித்து நிலத்தைச் சமமாக்கினார்கள். பலகைகள் மட்டும் வண்டியேறிப் புனித மேரி ஆலயத்துக்கு வந்து, முற்றத்தில் தளமாகப் படுத்தன. எலும்புகளை யாரும் தொடவில்லை. புதிதாகச் சாகிறவர்களுக்குக் கூவத்தின் கரையில், தீவுத்திடல் பக்கம், வேறு இடுகாடு வந்தது. கறுப்பர் நகரத்தில் எஞ்சியிருந்த வீடுகளும் போயின. மக்கள் முத்தியால்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் தள்ளப்பட்டார்கள். காலியான வெளிக்கு எஸ்பிளனேடு என்று பெயர். அதன் எல்லைக்கு அப்பால்தான் கட்டடம் எழுப்பலாம் என்று காட்ட 1773-இல் ஆறு தூண்கள் நட்டார்கள். ஒன்று மட்டும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் மூலையில் இன்னும் நிற்கிறது; அந்தப் பக்கம் போகிற பேருந்துக் கூட்டத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை.

கற்களுக்கும் நிம்மதி வரவில்லை. 1780-இல் மைசூரின் ஹைதர் அலி ஆர்க்காட்டு நவாபின் கர்நாடகத்துக்குள் இறங்கினார். செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் கம்பெனித் தளபதி பெய்லியின் படை அழிந்தது. சென்னை நடுங்கிய அந்த நாட்களில், கோட்டை மதில்மேல் பீரங்கிகளை நிறுத்த உறுதியான தளம் தேவைப்பட்டது. 1782-இல் ஆலய முற்றத்திலிருந்து கல்லறைப் பலகைகளைப் பெயர்த்துக்கொண்டுபோய் அதற்குப் பயன்படுத்தினார்கள். ஒரு முற்றுகையில் பிரெஞ்சுக்காரனுக்கு மறைவு கொடுத்த குற்றத்துக்காக இடம்பெயர்ந்த கற்கள், அடுத்த போரில் ஆங்கிலப் பீரங்கியைத் தாங்கின. பின்னர் முற்றத்துக்குத் திரும்பிய கற்களை எந்த ஒழுங்கில் வைத்தார்கள் என்று தேடுவதில் பயனில்லை. அதற்கு முன்பே ஒழுங்கு போய்விட்டது. ஓரம் உடைந்த பலகைகளைப் பார்க்கும்போது, காலத்தை மட்டும் குறைசொல்லாமல் இந்தப் பயணங்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆலயமும் இதே காலத்தில் போர்க்கருவியாகத்தான் இருந்தது. நாலடிச் சுவர், குண்டு விழுந்தாலும் பிளக்காதபடி வளைத்துக் கட்டிய கூரை. ஆலயம் கட்டும்போதே அதைக் கோட்டையின் பகுதியாகக் கட்டியிருக்கிறார்கள். போர் வந்தபோதெல்லாம் படைவீரர்கள் தங்கவும் பண்டம் வைக்கவும் அது பயன்பட்டது. சென்னையை லாலியிடமிருந்து காத்த பிகட், இரண்டாம் முறை ஆளுநராக வந்தபோது தன் சொந்த ஆலோசனைச் சபையாராலேயே சிறைவைக்கப்பட்டு 1777 மே மாதம் இறந்தார். ஆலயத்துக்குள்தான் அடக்கம். அவருடையது என்று கருதப்படும் கல்லில் ‘நினைவாக’ என்று பொருள்படும் இரண்டு லத்தீன் சொற்கள் மட்டுமே உள்ளன, பெயர் இல்லை.

கொய்யாத் தோப்பில் இரண்டே கட்டுமானங்கள் தப்பின. ஒன்று பவ்னி குடும்பத்தின் நிலவறை. மற்றது ஜோசப் ஹின்மர்ஸின் கூம்புத் தூண். 1680-இல் இறந்த ஹின்மர்ஸின் மனைவி கேத்தரினை அதே ஆண்டு நவம்பரில் எலிஹு யேல் மணந்தார். புனித மேரி ஆலயத்தில் நடந்த முதல் திருமணம் அது. அவர்களுடைய மகன் டேவிட் 1688 தொடக்கத்தில் சிறுவனாக இறந்தபோது, தாயின் முதல் கணவர் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். யேல் அப்போது ஆளுநர். 1718-இல் இவர் அனுப்பிய சரக்குகளை விற்றுக் கிடைத்த 562 பவுண்டுக்கு நன்றியாக அமெரிக்கக் கல்லூரி ஒன்று இவர் பெயரைச் சூடிக்கொண்டது. அதே யேல் ஆளுநராக இருந்த காலத்தில் சென்னைத் துறையிலிருந்து அடிமைகள் கப்பலேறினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1921 முதல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருக்கும் இந்த ஹின்மர்ஸ், டேவிட் சமாதியை, 2023 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் வேறிடத்துக்கு மாற்றும்படி தொல்லியல் துறைக்கு உத்தரவிட்டார். நீதிமன்ற வளாகத்தில் அடுக்கு வாகன நிறுத்தம் கட்ட வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து நூறு மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்று சட்டம் தடுக்கிறது. அந்தச் சமயத்தில் எழுந்த விவாதம் முழுக்க யேலைப் பற்றியே சுழன்றது. அடிமை வணிகத்தில் கை நனைத்தவரின் பிள்ளைக்கு நினைவுச்சின்னம் எதற்கு என்றார்கள் ஒரு பக்கம். புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையது என்றார்கள் மறுபக்கம். இரண்டு பக்கமும் கூம்பை மட்டும் பார்த்து நிலத்தை மறந்துவிட்டன. அந்தத் தூணின் மதிப்பு அதில் யார் பெயர் இருக்கிறது என்பதில் இல்லை. கொய்யாத் தோப்பு இடுகாடு எங்கே இருந்தது என்று நிலத்தில் விரல் வைத்துக் காட்ட இன்று மிஞ்சியிருப்பது அதுவும் பக்கத்து நிலவறையும்தான். அதை வேறிடத்துக்குக் கொண்டுபோனால் கிடைப்பது இன்னொரு கல். கோட்டைக்குள் அப்படிப்பட்ட கற்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

முற்றுகையில் இறந்தவர்கள் எங்கே நினைக்கப்படுகிறார்கள் என்று தேடினால் விடை விசித்திரமானது. டிரேப்பர் ஊர் திரும்பியதும் இங்கிலாந்தில் பிரிஸ்டலை ஒட்டிய கிளிஃப்டனில் தன் வீட்டுத் தோட்டத்தில், தன் 79-ஆம் படைப்பிரிவில் கிழக்கே இறந்தவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார். வந்தவாசி, புதுச்சேரி, மணிலாவோடு சென்னையின் பெயரும் அதில் உண்டு. சென்னை மண்ணில் அவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. சிப்பாய்களுக்கோ எங்கும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் இந்துக்களும் முஸ்லிம்களும். ஆலயப் பதிவேட்டில் அவர்கள் வர வழியில்லை, கம்பெனிக் கணக்கில் எண்ணாக மட்டும் வருகிறார்கள்.

பெயரும் உடலும் பிரிவது பழைய போர்களோடு முடிந்த கதையும் இல்லை. நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தில் முதல் உலகப்போர் நினைவுச்சின்னம் ஒன்று இருக்கிறது. இந்தியாவின் பல ஊர் இடுகாடுகளில் கிடக்கும், இனிப் பராமரிக்க முடியாது என்று கைவிடப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களை அதில் பொறித்திருக்கிறார்கள். அந்தப் போரில் ஜெர்மனியின் எம்டன் கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு வீசிய குண்டுகளில் ஒன்று விழுந்ததாகக் குறிக்கும் பலகை, இதே உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் பதிந்திருக்கிறது. எம்டன் குண்டுக்குப் பலகை உண்டு. அதே மதிலுக்குள் இருந்த இடுகாட்டுக்குப் பலகை கிடையாது.

செய்ய வேண்டிய வேலை பெரிதல்ல, தொடங்க முடியாததும் அல்ல. புனித மேரி ஆலயத்தின் அடக்கப் பதிவேடுகள் 1680-இலிருந்து இருக்கின்றன, சி. எச். மால்டன் அவற்றைப் பட்டியலாக்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சிட்டார். கல்வெட்டு வாசகங்களை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-இல் தொகுத்தார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கல் உள்ளவர் எத்தனை பேர், கல்லே இல்லாமல் கொய்யாத் தோப்பில் கிடப்பவர் எத்தனை பேர் என்று பெயர் பெயராகத் தெரியும். கல் வைக்க வசதியில்லாத படைவீரர்கள், மாலுமிகள், பெண்கள், கைக்குழந்தைகள் எல்லோரும் அந்த இடைவெளியில் இருக்கிறார்கள். சட்டக் கல்லூரி 2018-இல் இடம் மாறிய பிறகு அந்த வளாகம் நீதிமன்றத்தின் தேவைகளுக்காக மாறிக்கொண்டிருக்கிறது. அங்கே அடுத்த அஸ்திவாரம் தோண்டும் முன்பு, மண்ணைக் கிளறாமலே உள்ளே இருப்பதை அறியும் ரேடார் கருவியைக் கொண்டு ஒருமுறை நிலத்தை அளந்து, நிலவறைகளின் எல்லையை வரைபடத்தில் குறித்துவிடலாம். வாகன நிறுத்தத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோருகிறவர்கள் முதலில் கையில் வைத்திருக்க வேண்டிய தாள் அதுதான்.